காலிலே சில்லு, காதிலே தாளம்

சப்பாத்தின் அடியிலே சில்லுகளைப் பூட்டிக்கொண்டு வழுக்கிச் செல்லும் விளையாட்டுத் தோன்றிய காலத்திலேயே அதனோடு இசையும் உடன்பிறந்துவிட்டது என்று ஒரு கதை வழங்குகின்றது. இன்றைய பெல்ஜியத்திலே ஹுயி என்னும் ஊரிற் பிறந்து இலண்டன் மாநகரிலே வாழ்ந்தவர் ஜோன் ஜோசப் மேர்லின். கடிகாரமும் இசைக்கருவியும் இயந்திரப் பாவையும் செய்வதில் வல்லவர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலே, சோகோ பகுதியில் இருந்த கார்லைல் மாளிகையில் நடைபெற்ற மாறுவேட விருந்தொன்றுக்கு, அவர் தாம் செய்த சில்லுச் சப்பாத்துக்களை அணிந்து, வயலினை வாசித்தபடியே புகுந்தாராம். புகுந்தவருக்குத் திரும்பும் வழியும் தெரியவில்லை. நிற்கும் வழியும் தெரியவில்லை. எதிரே இருந்த விலையுயர்ந்த நிலைக்கண்ணாடியின்மீது மோதி, கண்ணாடியையும் உடைத்து, வயலினையும் நொறுக்கி, தாமும் பலத்த காயமுற்றார். பிற்காலத்தில் இதை எழுதிவைத்தவர் சிறிது உப்புப் புளி கூட்டியும் இருக்கலாம். கதை நல்ல கதை, இருந்துவிட்டுப் போகட்டும்.

மேர்லினுக்குக் கைகூடாத அந்தச் சேர்க்கை, பின்னொரு காலத்திலே அமெரிக்காவின் கறுப்பின மக்களுக்குக் கைகூடியது. அவர்தம் நகரங்களிலே, இரவு வேளைகளில், மரத்தளம் இட்ட அகன்ற கூடங்களிலே, ஹிப் ஹொப் இசைக்கு இயையச் சில்லுச் சப்பாத்துடன் மக்கள் கூட்டமாய்ச் சுழன்று வருகின்றனர். இருபது வயது இளைஞரும் அங்கு உளர். பேரப்பிள்ளைகளைக் கண்டவரும் உளர்.

ஹிப் ஹொப் என்றவுடனே முகஞ் சுளிக்கும் பெற்றோரை நாம் அறிவோம். எம்மிடம் பயிலும் மாணவரின் தந்தையர் சிலர், “மாஸ்டர், இந்தப் பாட்டிலே இராகமும் இல்லை, பாவமும் இல்லை, வெறும் பேச்சுத்தானே! இதைப் பிள்ளைகள் என்ன கண்டு கேட்கிறார்கள்?” என்று வினவுவதுண்டு. நியாயமான வினாவே. ஆனால், கதிரையில் அமர்ந்திருந்து அதற்கு விடை காண முயல்வது, தவில் முழக்கத்தைக் கோயில் வீதியிலே நின்று கேளாமல், பூட்டிய அறைக்குள் இருந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்வது போன்றதாகும். இஃது உடம்பினாற் கேட்க வேண்டிய இசை. அதிலும், சில்லின்மேல் நின்று கேட்போருக்கே அதன் சுவை முற்றாகப் புலனாகின்றது என்பது எமது துணிபு.

இவ்விசை பிறந்த நாளையும் இடத்தையும் திட்டமாகச் சுட்டிக் கூறுவர். நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியிலே, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடிக் கட்டடத்தில், 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி ஒரு கொண்டாட்டம் நடைபெற்றது. ஜமேக்காவிலிருந்து சிறுவயதிலே குடிபெயர்ந்து வந்த கிளைவ் கம்பெல் என்னும் இளைஞர், கூல் ஹேர்க் என்ற புனைபெயருடன், அங்கு இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டார். ஆட வருவோர் ஒரு பாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே விதமாக ஆடுவதில்லை என்பதை அவர் கூர்ந்து நோக்கியிருந்தார். பாடுவோரும் ஏனைய வாத்தியக்காரரும் ஓய்ந்து, முழவு மாத்திரம் தனித்து ஒலிக்கும் சில கணங்கள் வரும்போதே அவர்களுக்கு உயிர் வந்தது. எமது கச்சேரிகளிலே தனியாவர்த்தனம் தொடங்கியதும் நிமிர்ந்து உட்காரும் இரசிகரை நினைந்துகொள்க; அந்நேரம் பார்த்துத் தேநீர் அருந்த எழுந்து செல்வோரை இங்கு விட்டுவிடுவோம். அமெரிக்க இசைத்தட்டுக்களிலோ அத்தனி முழக்கம் சில விநாடிகளே நீடிக்கும். ஆதலின் ஹேர்க் ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழலிகளிலே வைத்தார். ஒன்றில் அப்பகுதி முடியும் கணத்திலே மற்றதில் அதையே தொடக்கினார். அது முடியுமுன் முதலாவதைப் பின்னோக்கித் திருப்பிவைத்தார். விநாடிகள் நிமிடங்களாயின. அம்முழக்கத்தின்மேல் எதுகையும் சந்தமும் பொருந்தச் சொற்களை அடுக்கிப் பேசும் முறையே றப் எனப்பட்டது. சொற்கட்டு எமக்குப் புதிதன்று. எமது கலைஞர் “தகதிமி” என்று சொல்லும் இடத்திலே அங்கு பொருளுடைய சொற்கள் நிற்கின்றன.

சில்லுச் சப்பாத்து இவ்விசையின் இளமைப் பருவத்திலேயே அதனோடு உறவு பூண்டுவிட்டது. சிக் என்னும் குழுவினர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குட் டைம்ஸ்’ என்ற பாட்டிலே, நல்ல காலத்தின் இன்பப் பொருள்களுள் ஒன்றாகச் சில்லுச் சப்பாத்தும் பேசப்படுகின்றது. அப்பாட்டின் தாழ்சுரக் கிற்றார் நடையையே அடித்தளமாகக் கொண்டு, அதே ஆண்டிலே ஷுகர்ஹில் காங் குழுவினர் ‘றப்பர்ஸ் டிலைட்’ என்னும் பாட்டை வெளியிட்டனர். றப் என்பதொன்று உண்டு என்று உலகம் அறிந்தது பெரும்பாலும் அப்பாட்டினாலேயே. பின்னர் 1991இல் டி லா சோல் குழுவினர், சனிக்கிழமைச் சறுக்கலையே பொருளாக வைத்து ‘எ ரோலர் ஸ்கேட்டிங் ஜாம் நேம்ட் சற்றடேஸ்’ என்ற பாட்டைத் தந்தனர். நாம் கேட்ட றப் பாட்டுக்களுள் சினமும் சீற்றமும் சிறிதுமில்லாத பாட்டு அது. வேலைநாட்கள் முடிந்த ஒருவன் பெருமூச்சு விட்டுச் சிரிப்பது போன்றது. முகஞ் சுளிக்கும் தந்தையர் அதிலிருந்து தொடங்கலாம்.

இனி, சப்பாத்தின் சூட்சுமத்தைச் சிறிது நோக்குவோம். தொடக்க காலத்துச் சில்லுச் சப்பாத்துக்கள் நேர்கோட்டிலே ஓடத்தக்கனவே அன்றி வளைந்து செல்லத் தக்கன அல்ல. மேர்லின் கண்ணாடியிலே மோதியதற்குக் காரணமும் அதுவே போலும். நியூயோர்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர் 1863ஆம் ஆண்டில் இக்குறையை நீக்கினார். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு சில்லுகளை அமைத்து, அச்சுக்கும் பாதத் தட்டுக்கும் இடையே இறப்பர் மெத்தையொன்றை அவர் வைத்தார். உடல் எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கம் அச்சு திரும்பும். கையாற் பிடித்துத் திருப்ப எதுவுமில்லை, சாய்வே சுக்கான். மாட்டுவண்டிச் சவாரியிலே வளைவில் உடலைச் சாய்த்துக் கொடுப்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நடப்பவன் ஒவ்வோர் எட்டிலும் நிலத்தைக் குத்தி நின்று மறுபடி புறப்படுகின்றான். சறுக்குபவனோ ஒருமுறை உந்திவிட்டானாயின், அந்த உந்தல் அவனை நெடுந்தூரம் கொண்டு செல்கின்றது. உந்தலுக்கும் உந்தலுக்கும் இடையே அவனுக்கு வெறும் காலம் கிடைக்கின்றது. அவ்வெறுங் காலத்தை என்ன செய்வது? ஹிப் ஹொப் அதற்கு விடை சொல்கின்றது. டிஸ்கோ இசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 தட்டுக்கள் உடையது. ஹிப் ஹொப் பாட்டுக்கள் பல 90 தட்டுக்களை ஒட்டி நடப்பன. விநாடிக்குப் பத்தடி வேகத்திலே செல்லும் ஒருவன், ஹிப் ஹொப்பின் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலே ஏறக்குறைய ஆறே முக்கால் அடி கடந்துவிடுவான். நான்கு தட்டுக்களில் இருபத்தாறு அடிக்கு மேல். தாளம் நறுக்கு நறுக்கென்று வெட்டுண்டு விழுகின்றது. உடலோ வெட்டுப்படாமல் ஒரே இழையாய் ஓடுகின்றது. காதிலே துண்டு துண்டாகக் கேட்பது காலிலே தொடர்ச்சியாக மாறுகின்றது. இம்முரணின் நடுவே தோளை அசைப்பதும், முழங்காலை மடக்குவதும், குதியால் ஒரு சிறு வெட்டு வெட்டித் தட்டோடு சேர்வதும் சறுக்குபவனின் கற்பனைக்கு விடப்படுகின்றன. விளம்ப காலத்திலே பாடும்போது வித்துவானுக்குக் கிடைக்கும் இடைவெளி போன்றது அது. டிஸ்கோவுக்கும் மக்கள் சறுக்கினர். அதிலே துள்ளல் உண்டு, இளைப்பும் உண்டு. ஹிப் ஹொப்பிலே இளைப்பாறுதலும் ஆட்டத்தின் ஒரு பாகமாகிவிடுகின்றது.

தாழ்ந்த சுரத்தின் அதிர்வு வேறொரு வழியாலும் வந்து சேர்கின்றது. ஒலிபெருக்கியின் முழக்கம் மரப்பலகையிலே இறங்கி, சில்லின் வழியே உள்ளங்காலுக்கு ஏறும். அரங்கினுள் எல்லோரும் பொதுவாக ஒரே திசையிலே, கடிகார முள்ளுக்கு எதிராக, வட்டமிடுவர். விரைவோர் வெளிவட்டத்திலும், பழகுவோரும் வித்தை காட்டுவோரும் நடுவிலும் நிற்பது வழக்கம். வீதிக்கு உரிய சில்லு மென்மையானது. கல்லையும் மண்ணையும் தாங்கும். அரங்குக்கு உரியதோ கடினமானது. வேண்டிய இடத்திலே பக்கவாட்டில் வழுக்கவும் இடங்கொடுக்கும். கைதேர்ந்தோர் முன்முனையிலுள்ள தடைக்கட்டையையும் கழற்றிவிடுவர். விரல்நுனியிலே நின்று சுழல அது இடையூறாகும் என்பதே காரணம். கற்றுக்கொள்ளுவோர் அதைப் பார்த்துத் தாமும் கழற்றுதல் கூடாது.

ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வொரு பாணி உண்டு என்பது எம்மை மிகவும் கவர்ந்த செய்தியாகும். நாதஸ்வர வித்துவானின் வாசிப்பைக் கேட்டு “இவர் இன்ன ஊர்க்காரர்” என்று சொல்வாரைப்போல, சறுக்குபவன் கால் வைக்கும் வகையைக் கண்டே அவன் ஊரைச் சொல்லிவிடுவர். சிக்காகோவிலே ‘ஜே. பி.’ என்று ஒரு பாணி வழங்குகின்றது. ஜேம்ஸ் பிரவுன் என்னும் பாடகரின் பெயரின் முதலெழுத்துக்கள் அவை. அவருடைய இசைக்குச் சறுக்கிச் சறுக்கி உருவான பாணி அது. அவருடைய பழைய இசைத்தட்டுக்களின் முழவுப் பகுதிகளையே ஹிப் ஹொப் கலைஞரும் அள்ளி அள்ளி எடுத்தாண்டனர். 1970இல் வெளிவந்த அவருடைய ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டிலே கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில விநாடி முழவு, பிற்காலத்து றப் பாட்டுக்கள் எத்தனையோவற்றின் உள்ளே ஒளிந்திருக்கின்றது. ஆகவே சிக்காகோவின் பழைய சறுக்கலும் புதிய ஹிப் ஹொப்பும் ஒரே ஊற்றிலே நீர் குடித்தவை. பிலதெல்பியாவில் விரைந்து பின்னோக்கிச் செல்வது சிறப்பு. நியூயோர்க், நியூஜேர்சிப் பகுதியிலே மூவர் மூவராகக் கைகோத்தும், புகைவண்டிபோல் நீண்ட வரிசையாகத் தொடுத்துக்கொண்டும் செல்வர். இவற்றை எந்தப் பள்ளியிலும் கற்பித்தவர் இலர். அண்ணன் தம்பிக்கும், தாய் மகளுக்கும் காட்டிக் கொடுத்தவை.

இவ்வளவு இன்பம் நிறைந்த தளத்திலே கால் வைப்பதற்கு இம்மக்கள் கொடுத்த விலை சிறிதன்று.

சிக்காகோவின் தென்பகுதியிலே வைற் சிற்றி என்று ஒரு சறுக்கரங்கு இருந்தது. ‘வெள்ளை நகரம்’ என்பது அதன் பொருள். சுற்றுப்புறத்திலே கறுப்பின மக்கள் பெருகி வாழ்ந்த காலத்திலும் அவர்களுக்கு உள்ளே இடமில்லை. இனச் சமத்துவப் பேரவையினர் 1946இல் அதன் வாசலிலே மறியல் செய்து, கதவைத் திறப்பித்தனர். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலே 1941இல் தொடங்கிய எம்பயர் அரங்கிலே கறுப்பின மக்கள் சறுக்கினர். ஆயின் இசையோ வேறு யாருடையதோ. சறுக்கரங்கு என்றால் ஓர்கன் வாத்தியம் என்பதே அக்காலத்து மரபு. 1957இல் பில் பட்லர் என்னும் விமானப்படை இளைஞர், கவுன்ட் பேசியின் இசைத்தட்டொன்றைக் கையிலே கொண்டுவந்து அதை ஒலிக்கச் செய்தார். ஒரு தட்டுத்தான். ஆனால், எந்த இசைக்குக் கால் அசைய வேண்டும் என்பதைச் சறுக்குபவரே தீர்மானிக்கும் வழக்கத்துக்கு அது வழி திறந்தது. பட்லர் பின்னாளிலே பலருக்கு ஆசானானார்.

லெட்ஜர் சிமித் என்பவரின் செய்தி இன்னும் வியப்பானது. சிக்காகோவைச் சேர்ந்த இச்சறுக்கு வீரர், 1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, வாஷிங்டன் நகரில் நடைபெறவிருந்த மாபெரும் உரிமைப் பேரணிக்குச் சில்லுச் சப்பாத்திலேயே புறப்பட்டார். ஏறக்குறைய 700 மைல், பத்து நாட்கள். மார்பிலே ‘விடுதலை’ என்று எழுதிய பட்டி. வழியிலே ஒருவன் மோட்டார் வண்டியால் அவரை மோதித் தள்ளவும் முயன்றான். கால்கள் வலியெடுக்கப் போய்ச் சேர்ந்தார். ஓகஸ்ட் 28ஆந் திகதி மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அப்பேரணியிலே கலந்துகொண்டார். உரையை உலகம் நினைவில் வைத்திருக்கின்றது. சில்லிலே வந்தவரை நினைப்பார் குறைவு.

பொது இடங்களிலே இன ஒதுக்கல் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. சட்டம் வாசற்கதவைத் திறந்தது, நாட்காட்டியைத் திறக்கவில்லை. பல அரங்குகளிலே கறுப்பின மக்களுக்கென்று வாரத்தில் ஓர் இரவு மாத்திரம் ஒதுக்கப்பட்டது. முன்னே ‘சோல் இரவு’ என்றனர். பின்னே ‘வளர்ந்தோர் இரவு’ என்றனர். பெயரிலே இனம் இல்லை. பொருள் எல்லோருக்கும் தெரியும். ஒதுக்கிக் கொடுத்த அந்த ஓர் இரவைத் தமது விழாவாக மாற்றிக்கொண்டது அம்மக்களின் திறமை. நூற்றுக்கணக்கான மைல் வண்டி ஓட்டிச் சென்று பிறநகரத்து அரங்கிலே சறுக்கித் திரும்புவோரும் உளர்.

ஹிப் ஹொப்புக்கும் அவ்வரங்குகளே புகலிடம் ஆயின. 1980களிலே றப் கலைஞர் என்றால் பெரிய இசை மண்டபங்கள் பல தயங்கின. சறுக்கரங்கிலோ அகன்ற தளம் உண்டு. பலத்த ஒலிபெருக்கி உண்டு. மதுச்சாலை இன்மையால் இளைஞர் வருவதற்கும் தடையில்லை. கலிபோர்னியாவின் கொம்ப்டன் நகரிலே 1984இல் தொடங்கிய ஸ்கேட்லாண்ட் அரங்கிலே, பின்னர் உலகப் பெயர் பெற்ற என்.டபிள்யூ.ஏ. குழுவினர் தமது தொடக்க நாட்களில் மேடையேறினர். அக்குழுவின் பாட்டுக்களை எல்லாம் நாம் இங்கு பரிந்துரைக்கின்றோம் என்று எவரும் எண்ணற்க. வசைமொழியும், பெண்களை இழித்துரைப்பதும் ஹிப் ஹொப்பிலே தாராளமாக உண்டு. அவற்றுக்கு வக்காலத்து வாங்க நாம் ஆயத்தமில்லை. ஆனால் ஒரு தெருவின் பிள்ளைகள் துப்பாக்கியை விட்டு ஒலிவாங்கியைப் பிடித்த இடம் எதுவென்று கேட்டால், அதற்குச் சறுக்கரங்கு என்றே விடை சொல்லவேண்டியிருக்கின்றது.

இவ்வரங்குகளுக்கு நேர்ந்த கதியை ‘யுனைற்றட் ஸ்கேட்ஸ்’ என்னும் ஆவணப் படம் காட்டுகின்றது. டயானா விங்க்லர், டீனா பிரவுன் என்னும் இருவர் இயக்கியது. 2018இல் நியூயோர்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவிலே முதன்முறை காட்டப்பட்டது. நாம் அதை இருமுறை பார்த்தோம். இடம் கொடுத்தவர்களே இடம் மறுக்கும் காட்சிகள் அதில் வருகின்றன. றப் இசை கூடாது என்று ஓர் அறிவித்தல். சிறிய சில்லுக்கள் கூடாது என்று இன்னொன்று. சிறிய கடினமான சில்லு, இம்மக்களின் பாணிகளுக்கு உரியது. அதைத் தடுத்தால் ஆளைத் தடுத்ததாகும். ஆனால் ஆளைத் தடுத்ததாக எழுத்திலே இராது. வெள்ளையர் வரும் பகல் வேளையிலே காணாத காவலரை ‘வளர்ந்தோர் இரவு’களிலே வாசலெங்கும் காண்கின்றோம். இவற்றோடு நிலத்தின் விலையும் சேர்ந்துகொண்டது. பெரிய கூரை, பெரிய வாகனத் தரிப்பிடம், சிறிய கட்டணம். இக்கணக்கு எந்த நில உரிமையாளருக்கும் கட்டுப்படியாகாது. எம்பயர் அரங்கு 2007இல் மூடப்பட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ‘வேர்ல்ட் ஒன் வீல்ஸ்’ 2013இல் மூடியது. 2017இல் மறுபடி திறந்தபோது சறுக்குவோர் கொண்டாடினர். 2020இல் கொள்ளைநோய்க் காலத்திலே திரும்பவும் கதவடைத்தது. அரங்கு மூடும்போது ஒரு கட்டடம் மாத்திரமா போகின்றது? அவ்வூர்ப் பாணியைக் காலிலே வைத்திருக்கும் முதியவர், அதைக் காட்டிக் கொடுப்பதற்குத் தளமின்றி வீட்டிலே இருந்துவிடுகின்றார். நூலிலே எழுதிவைக்கக்கூடிய கலையன்று இது.

அதே கொள்ளைநோய் ஆண்டிலே இன்னொன்றும் நிகழ்ந்தது. வீட்டினுள் அடைபட்டுக் கிடந்த இளைஞர் உலகமெங்கும் சில்லுச் சப்பாத்தைத் தேடி வாங்கினர். கடைகளிலே சரக்குத் தீர்ந்தது. 2024 பெப்ரவரியிலே, அமெரிக்கக் காற்பந்துப் பேரிறுதியின் இடைவேளை நிகழ்ச்சியிலே, அஷர் என்னும் புகழ்பெற்ற பாடகர் சில்லுச் சப்பாத்துடன் சுழன்று பாடியதைக் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியிற் கண்டனர். அவர் இளமையில் வளர்ந்த அட்லான்டா, இக்கலைக்குப் பெயர்போன நகரமாகும்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளை சில்லுச் சப்பாத்துக் கேட்டால் பெற்றோர் எம்மை நோகாதிருக்க ஒரு சொல். முழங்காற் காப்பும் மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் சப்பாத்தோடு சேர்த்தே வாங்குக. விழுபவன் கையைத்தான் முதலில் ஊன்றுவான். ஆதலின் மணிக்கட்டே முதலில் முறியும். முதல் வாரத்துக்கு இசையே வேண்டாம். முழங்காலை மடித்து நிற்கவும், சாய்ந்து திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் பழகிய பின்னரே தாளம். வீதியோரத்திலே இரு காதையும் அடைத்துக்கொண்டு சறுக்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். மூடிய முற்றத்திலே சிறிய ஒலிபெருக்கியை வைத்துக் கேட்பதே அமைவானது.

கட்டணமும் கதவும் இல்லாத ஓர் இடம் நியூயோர்க்கின் மத்திய பூங்காவிலே உண்டு. 1995இல் அமைக்கப்பெற்ற நடனச் சறுக்குவோர் சங்கத்தினர், இளவேனில் தொடங்கி இலையுதிர் காலம் வரை, வார இறுதிப் பிற்பகல்களிலே அங்கு இசைத்தட்டு இயக்குவோரை அமர்த்தி, வட்டமொன்றை வகுத்துவிடுகின்றனர். நரைத்த தலையர் பலர் எழுபதுகளிலிருந்தே சறுக்கி வருபவர். வட்டத்துக்கு வெளியே நின்று எவரும் பார்க்கலாம். உள்ளே வருவதற்கு நுழைவுச்சீட்டும் இல்லை. சப்பாத்தை மாத்திரம் அவரவரே கொண்டுவரல் வேண்டும்.